ஒரே நாளில் முடித்த வேலை

ஜனவரி 12

அன்புள்ள மச்சானுக்கு,

‘நாங்கள் இங்கே நலம்’ என்று எழுதிவிட்டுப் பிறகு அடித்திருக்கிறேன். பழக்க தோஷம். நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்?

போனில் பேசினால் ‘நல்லா இருக்கீங்களா’, ‘இருக்கேன்’, ‘சாப்பிட்டாச்சா’, ‘ஆச்சு’ என்று நாலு வார்த்தையில் இருவருக்கும் வாய் அடைத்துப்போகிறது. அதனால்தான் எழுதுகிறேன். உன் அக்கா போய் எட்டு மாதம் ஆகிறது. நீ வர முடியாமல் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. லீவு கிடைக்காவிட்டால் நீ என்ன செய்வாய்? அதை மனதில் போட்டு உழப்பிக்கொண்டிருக்காதே.

விஷயம் அவளுடைய காரைப் பற்றியது. வாரத்தில் ஆறு நாள் டிரைவிங் ஸ்கூல் டப்பாக் காரில், கற்றுக்கொள்கிறவர்கள் மிதிக்க மறந்த பிரேக்கையெல்லாம் தானே மிதித்துக் கால் வீங்கி வருவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். “இன்னிக்கு என் காலு எனக்கு மட்டும்” என்பாள். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கதவைப் பிடித்துக்கொண்டிருப்பேன். ஊரில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவளின் புருஷனுக்கு ஓட்டத் தெரியாது என்று சிரிக்காதவர்கள் இல்லை.

பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று ஞாயிறுதோறும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். மூன்று வாரமாக சீட்டுக்குப் பின்னால், இன்ஜினுக்குள்ளிருந்து ஒரு சத்தம். யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற மாதிரி. பல்செட் செய்து பிழைக்கிறவனுக்கு அப்படித்தானே தோன்றும்.

இந்த மாடலுக்கு ஒரே ஒரு நோய் உண்டு என்று நீதான் சொல்வாய். உள்ளே ஒரு பேரிங். அது நொறுங்கினால் இன்ஜினே போச்சு. அதற்குப் பயந்து யாரும் தொடாமல் கிடந்ததால்தான் இந்த வண்டி அவள் கைக்கு வந்தது. ஆனால் அந்த பேரிங்கை நீ ஒன்பது வருஷத்துக்கு முன்பே, வெளியூர் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், மாற்றிக் கொடுத்துவிட்டாயே. பிறகு எப்படிச் சத்தம் வரும்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அவளிடம் படித்த பெண் ஒருத்தி, லைசென்ஸ் டெஸ்டில் மூன்று தடவை தோற்றவள், இப்போது ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். போன வாரம் ஷெட்டில் நின்றுகொண்டு, “சார், இதை யாருக்காவது குடுக்கறதா இருந்தா எனக்குக் குடுங்க. அக்கா மாதிரியே பாத்துக்கறேன்” என்றாள். அவளுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அத்தான்


பிப்ரவரி 2

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

நான் சௌக்கியம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியை இனிமேல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பத்து நிமிஷம் கூட வேண்டாம். அந்தப் பெண்ணுக்கும் கொடுக்க வேண்டாம். பழைய வண்டி எடுப்பவர்கள் யாராவது இருந்தால் இழுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுங்கள். பேரிங் என்றால் எல்லாம் ஒரு நாள் தேயத்தான் செய்யும். யாரையும் வைத்து இன்ஜினைப் பிரித்துப் பார்க்காதீர்கள். பிரயோஜனம் இல்லாத வேலை.

இங்கே பஸ் டிப்போவில் வேலை அதிகம். அறையில் நாங்கள் நாலு பேர், நாலு ஷிஃப்ட். நான் திரும்பும்போது ஒருவன் தூங்குவான், ஒருவன் போயிருப்பான். ஒரே அறையில் இருக்கிறோம் என்று பேர். ஒருத்தன் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்கு இன்னும் தெரியாது.

உங்கள் மச்சான்


பிப்ரவரி 16

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம்தான். கொஞ்சம் மெலிந்திருக்கிறேன் என்று பல்செட் லேபில் சொல்கிறார்கள். ஒருவனுக்குச் சமைப்பது கணக்கே வரமாட்டேன் என்கிறது. ஒன்று மிஞ்சுகிறது, இல்லாவிட்டால் போதவில்லை.

இழுத்துக்கொண்டு போகச் சொல் என்று எழுதியிருக்கிறாய். ஆள் ஒருத்தனை வரச் சொன்னேன், வந்தான். வண்டியைச் சுற்றிவந்து டயரை உதைத்துப் பார்த்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. போகச் சொல்லிவிட்டேன்.

மூன்று ஒர்க்ஷாப்பில் கேட்டுப் பார்த்தேன். முதலாமவன் மாடல் பேரைச் சொன்னதுமே கையெடுத்துக் கும்பிட்டான். இரண்டாமவன் இன்ஜினையே மாற்றிவிடலாம் என்றான். மூன்றாமவர் வயதானவர், நிதானமாகப் பேசினார். “செய்யலாம் சார், ஆனா பொறுமை வேணும். எங்கிட்ட அது தீந்து போச்சு” என்றார். அந்த வார்த்தை என் மனதில் தங்கிவிட்டது. என்னிடம் பொறுமையைத் தவிர வேறு எதுவும் இல்லையே. முப்பது வருஷமாக அரை மில்லிமீட்டருக்கு அடித்துக்கொள்கிறவன் நான். ஒரு பல் உயர்ந்தால் ஆள் சாப்பிட முடியாது. பல்லை நேராக வைக்கத் தெரிந்த கைக்கு ஒரு பேரிங்கைக் கழற்றி மாட்டத் தெரியாதா?

நானே செய்வதாக முடிவெடுத்துவிட்டேன். சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, சொல்லிக் கொடு. அன்றைக்கு நீ எப்படிச் செய்தாயோ அப்படியே, ஒன்று விடாமல் எழுது. நல்ல வண்டியாக ஆக்கித்தான் அந்தப் பெண் கையில் கொடுப்பேன். நடுரோட்டில் நின்றுபோகிற வண்டியை உன் அக்கா பேரைச் சொல்லிக் கொடுக்க முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அத்தான்


மார்ச் 20

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும். உங்கள் உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் பிடித்த பிடியை விடமாட்டீர்கள் என்று அக்கா சொல்வாள். சரி, எழுதுகிறேன்.

வண்டியை நாலு ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும். ஜாக்கை நம்பி அடியில் படுக்கவே கூடாது. முதலில் ஆயிலை இறக்க வேண்டும். பின்பக்கம் கியர்பாக்ஸைக் கழற்றி இறக்க வேண்டும். கனம் அதிகம், இரண்டு ஆள் இல்லாமல் தொடக் கூடாது. அதற்குப் பின்னால் கிளட்ச், அதற்குப் பின்னால் ஃப்ளைவீல். அதையும் எடுத்தால் உள்ளங்கை அளவு ஒரு மூடி தெரியும், மூன்று போல்ட். நீங்கள் தேடுகிற பேரிங் அந்த மூடிக்குள்தான் இருக்கிறது.

அந்த மூன்று போல்ட்டைத் தொடுவதற்கு முன் இன்ஜினை அசையாமல் பூட்ட வேண்டும். ஒரு பின் அனுப்புகிறேன். அதை எங்கே சொருக வேண்டும் என்று படம் போட்டிருக்கிறேன். பூட்டாமல் மூடியை எடுத்தால் உள்ளே இருக்கும் ஷாஃப்ட் தலையைச் சாய்த்துக்கொள்ளும். சங்கிலி நழுவும். அதற்குப் பிறகு அந்த இன்ஜினைக் கண்காட்சியில்தான் வைக்கலாம்.

பேரிங்கை சுத்தியல் போட்டுத் தட்டக் கூடாது. புல்லர் வைத்து நூல் பிசகாமல் நேராக இழுக்க வேண்டும். கடையில் கிடைக்கிற புல்லர் இதற்குச் சரிவராது. டிப்போ லேத்தில் நானே ஒன்று கடைந்து பார்சலில் அனுப்பியிருக்கிறேன். புது பேரிங்கும் அதிலேயே இருக்கிறது. ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். குளிரில் மயிரிழை சுருங்கும், சிரமமில்லாமல் உள்ளே போகும்.

அனுபவம் உள்ளவனுக்கே மூன்று நாள் வேலை. நீங்கள் மூன்று வாரம் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.

உங்கள் மச்சான்


ஏப்ரல் 5

அன்புள்ள மச்சானுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. புல்லரைப் பார்த்து அசந்துபோய்விட்டேன். திருகு மரையில் ஒரு பிசிர் இல்லை. உன் கைக்குப் பல்செட் வேலைக்கே வந்திருக்கலாம். பேரிங்கைச் சுற்றியிருந்த எண்ணெய்க் காகிதம் மட்டும் பழுத்துப் பழைய தபால்தாள் மாதிரி இருந்தது. கடையில் ரொம்ப நாள் கிடந்திருக்கும்போல.

மாடி வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டேன். இருவருமாகக் கியர்பாக்ஸை இறக்கினோம். இறக்கினோம் என்று சொல்வது மரியாதைக்கு. அது எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு தானே இறங்கியது. அவருக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டது. “துணிக்கு மேல கனமா எதையும் தூக்கினதில்ல சார்” என்றார்.

லேபிலிருந்து நேராக ஷெட்டுக்குத்தான் வருகிறேன். ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனி டப்பாவில், பல்செட் அச்சுகளுக்குப் போடுகிற மாதிரி சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். வேலை செய்கிற இரண்டு மணி நேரம் நன்றாகப் போகிறது. கை கழுவிவிட்டு உள்ளே வந்த பிறகுதான் வீடு பெரிதாக இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். மூன்று நாள் வேலை என்று எழுதியிருக்கிறாய். நீ அன்றைக்கு ஒரே நாளில் முடித்தாயே! காலையில் எங்கள் இருவரையும், “சும்மா பக்கத்துல நின்னு பேசிட்டு இருக்காதீங்க, எங்கயாவது போயிட்டு வாங்க” என்று விரட்டினாய். நாங்கள் ஏரிக்கரை வரை நடந்து போய்விட்டு, சாயந்திரம் திரும்பி வந்தால் வண்டி தரையில் நின்றது. அவள் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள். நான் இப்போது கிளட்ச்சையே தாண்டவில்லை. அடுத்த மாதம் எட்டாம் தேதி அவள் போய் ஒரு வருஷம். அதற்குள் பேரிங்கை எடுத்துவிட வேண்டும் என்று இருக்கிறேன். காரணம் ஒன்றுமில்லை, சும்மா ஒரு கெடு.

உடம்பைக் கவனி.

அத்தான்


ஏப்ரல் 22

அத்தானுக்கு வணக்கம். நலமே.

அப்போது வயது குறைவு, அவசரமாகச் செய்தேன்.

பழைய பேரிங் வெளியே வந்ததும் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுங்கள். அதில் பார்க்க ஒன்றும் இருக்காது. ஓரம் கூர்மையாக இருக்கும், விரலைக் கிழிக்கும்.

எட்டாம் தேதிக்கு வர முடியாது. டிப்போவில் ஆள் குறைவு.

உங்கள் மச்சான்


மே 9

அத்தானுக்கு,

நலம் விசாரித்து எழுத இன்று எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் நேராக எழுதிவிடுகிறேன். இது உங்கள் கைக்கு வருவதற்குள் நீங்கள் பேரிங்கை எடுத்திருக்கலாம். அப்படியானால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அன்றைக்கு நான் பேரிங்கை மாற்றவில்லை.

உங்களை அனுப்பிவிட்டு, கியர்பாக்ஸ் இறக்க ஒர்க்ஷாப் பையன் ஒருவனைக் கூட வைத்துக்கொண்டு, அவசர அவசரமாக மூடி வரைக்கும் பிரித்தேன். இரவல் வாங்கி வந்த புல்லரை மாட்டி இழுத்தேன். பேரிங் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். புல்லரின் மரை வழுக்கிக்கொண்டது. இன்னொரு தடவை முயன்றால் உள்ளே ஷாஃப்ட் நகர்ந்துவிடும் என்று பயம் வந்தது. அக்கா எத்தனை வருஷம் ஆசைப்பட்டு வாங்கின வண்டி! இரண்டு நாளில் நான் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும். நாலு மணிக்குள் எல்லாவற்றையும் திரும்ப மூடிவிட்டேன். நீங்கள் வந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அக்கா வாசலிலிருந்தே, “முடிஞ்சுதாடா?” என்று கத்தினாள். “முடிஞ்சுது” என்றேன். வாயில் வந்துவிட்டது. அவள் கை தட்டினாள்.

நான் உங்களுக்கு அனுப்பியது அன்றைக்கு அக்கா வாங்கிக் கொடுத்த அதே பேரிங். ஒன்பது வருஷமாக என் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் இருந்தது. எத்தனையோ தடவை போனில் சொல்ல நினைத்தேன். “வண்டி எப்படிக்கா ஓடுது?” என்று கேட்பேன். “பறக்குதுடா” என்பாள். போனை வைத்துவிடுவேன்.

இது பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் நீங்கள் போன் செய்து, “அக்கா போயிட்டாடா” என்றீர்கள். நான் முதலில் கேட்டது என்ன என்று ஞாபகம் இருக்கிறதா? “வண்டியிலயா?” என்று கேட்டேன். நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. அதற்குள் நான் என் அக்காவைக் கொன்றுவிட்டேன் என்று முடிவே செய்துவிட்டேன். பிறகு, “இல்லடா, வீட்ல. சமையல்கட்டுல நின்னுட்டு இருந்தா, தலை வலிக்குதுன்னா, விழுந்துட்டா” என்றீர்கள். அப்போது எனக்கு உயிர் வந்தது, அத்தான். மூச்சு விட்டேன். அக்கா செத்துப்போன சேதி கேட்டு நிம்மதியாக மூச்சு விட்ட தம்பி நான்.

லீவு கிடைக்கவில்லை என்று சொன்னது பொய். நான் கேட்கவே இல்லை. அந்த மூச்சோடு வந்து அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

மச்சான்


மே 10

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். நீ நலமா? வெயிலில் அலையாதே.

எட்டாம் தேதி வந்தது, போனது. ஆம்புலன்ஸ் பெண் டியூட்டி உடுப்போடு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்தாள். அது நன்றாக இருந்தது.

பேரிங் ஏழாம் தேதியே வெளியே வந்துவிட்டது. உன் புல்லர் வெண்ணெயில் கத்தி மாதிரி வேலை செய்தது. பழக்கத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நல்ல நிலையில்தான் இருந்தது. நீ செய்த வேலை சுத்தமான வேலை. சத்தம் வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். கவலைப்படாதே.

நீ சொன்னபடி குப்பையில் போட்டுவிட்டேன். லேபில் புது அடுப்பு வந்திருக்கிறது. தையல்காரர் வீடு காலி செய்யப்போகிறார், மகள் ஊருக்கே போகிறாராம். வேறு விசேஷம் இல்லை.

அத்தான்


ஜூன் 3

மச்சானுக்கு,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

நான் எழுதியது பொய். வெளியே வந்த பேரிங்கின் விளிம்பில் கம்பெனி முத்திரையும் தேதியும் பொறித்திருந்தது. வண்டி செய்த வருஷம். அதை யாரும் மாற்றியதே இல்லை என்று லென்ஸ் இல்லாமலே தெரிந்தது. கையில் பிடித்து ஆட்டினால் ஆடியது. இன்னும் எவ்வளவு தூரம் ஓடியிருக்குமோ. குப்பையிலும் போடவில்லை, மேஜையில் இருக்கிறது. எனக்குத் தெரிந்துவிட்டது உனக்குத் தெரிய வேண்டாம் என்று அப்படி எழுதினேன். உனக்குச் செய்கிற நல்லது என்று நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்த நல்லதும் போய்விட்டது.

கோபமாக இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை. ஒன்பது வருஷம், ஒவ்வொரு ஞாயிறும், அவள் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டு, “பயப்படாதீங்க, தம்பி மாத்தின பேரிங்” என்று என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவன் நான்.




ஜூலை 15

அன்புள்ள மச்சானுக்கு,

போன கடிதத்தில் உன் நலம் விசாரிக்காமல், கையெழுத்தும் போடாமல் மடித்து அனுப்பிவிட்டேன். ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. எப்படி இருக்கிறாய்? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்திருக்கிறது. சும்மா இருக்கும் நேரத்தில் ஒன்றை யோசித்துப் பார்த்தேன். அவள் ஆயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பழைய ஃபில்டரைக் கத்தரியால் வெட்டி, பேப்பரில் விரித்து, காந்தம் வைத்துத் தடவிப் பார்ப்பாள். இரும்புத் தூள் மின்னுகிறதா என்று. பேரிங் தேய்ந்தால் முதலில் அங்கேதான் தெரியும் என்று மூன்றாவது ஒர்க்ஷாப் பெரியவர் இப்போது சொன்னார். “புது பேரிங்தானே, எதுக்குப் பாக்கற?” என்று ஒரு தடவை கேட்டிருக்கிறேன். “சும்மாதான்” என்றாள். ஒன்பது வருஷமும் பார்த்தாள்.

அவளுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. தெரியும், உன்னை மன்னித்துவிட்டாள் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். ஏற்கனவே ஒரு பொய் எழுதிப் பட்டாயிற்று. இன்னொன்று வேண்டாம். உன்னைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. அது மட்டும் நிச்சயம்.

நீ மூச்சு விட்டதைப் பற்றி. நான் அன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா? டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகு அடுப்பை அணைத்தேனா என்று போய்ப் பார்த்தேன். பால் பொங்கியிருந்தது. உட்கார்ந்து துடைத்தேன். அவள் பக்கத்து அறையில். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். நல்லா துடைத்தேன், மச்சான், கறையே இல்லாமல். அந்த நேரத்தில் மனுஷன் செய்வதற்கெல்லாம் கணக்குப் பார்த்தால் நம்மில் யாரும் தேற மாட்டோம்.

புது பேரிங்கை மாட்டிவிட்டேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்தேன், குழந்தை தொட்டிலில் படுப்பது மாதிரி போய் உட்கார்ந்தது. மூடி, ஃப்ளைவீல், கிளட்ச் எல்லாம் திரும்பப் போட்டாயிற்று. கியர்பாக்ஸ் மட்டும் கீழே கிடக்கிறது. தையல்காரர் போய்விட்டார். ஆம்புலன்ஸ் பெண், “நான் தூக்கறேன் சார், ஸ்ட்ரெச்சர் தூக்கற கை” என்கிறாள். வேண்டாம் என்றேன். ஆள் கிடைக்காமல் இல்லை. அது நீ முடிக்க வேண்டிய வேலை.

அத்தான்


ஆகஸ்ட் 4

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

நான் நலமாகத்தான் இருக்கிறேன். உங்கள் இரண்டு கடிதத்தையும் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். பதில் எழுதி மூன்று தடவை கிழித்தேன்.

லீவு கேட்டேன். சூப்பர்வைசர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ ஒம்பது வருஷமா லீவே கேட்டதில்லையே, எல்லாரும் உனக்கு வீடே இல்லன்னுதான் நெனச்சோம்” என்றார். இரண்டு வாரம் கொடுத்திருக்கிறார்.

செப்டம்பர் முதல் தேதி கிளம்புகிறேன். நீங்கள் என்னை அழைத்துப்போக வர வேண்டாம், வழி தெரியும். வந்த அன்றே அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் கொஞ்சம் வேலை பார்க்கிறேன்.

உங்கள் மச்சான்


செப்டம்பர் 21

அன்புள்ள மச்சானுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? வழியில் சாப்பிட்டாயா? நான் சௌக்கியம்.

நீ இங்கே இருந்த நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். மொத்தமாக நாம் பேசியது என்ன? “பன்னண்டாம் நம்பர் ஸ்பானர் குடுங்க.” “மெதுவா, மெதுவா.” “இன்னும் கொஞ்சம் எம்பக்கம்.” அவ்வளவுதான். அவளைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தாய். நானும் பேசவில்லை. கடைசி நாள் வரைக்கும் இருவருமே ஆரம்பிக்கவில்லை.

இன்ஜின் ஸ்டார்ட் ஆனபோது ஒரு சத்தமும் இல்லை, சீராக ஓடியது. நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன், நீ அங்கே இல்லை. ஷெட்டுக்குப் பின்னால் போய்ச் சுவரில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தாய். உன் தோள் குலுங்கியது. நான் ஷெட் வாசல் வரை வந்துவிட்டு, இன்ஜினை அணைக்கிற சாக்கில் திரும்பப் போய்விட்டேன். வந்திருக்க வேண்டும். வந்து பக்கத்தில் நின்றிருக்கலாம், ஒன்றும் சொல்லாவிட்டாலும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம் என்றுகூட வைத்துக்கொள்.

நீ கிளம்பின மறுநாள் ஆம்புலன்ஸ் பெண் வந்து வண்டியை எடுத்துப் போனாள். சாவியைக் கொடுக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன், பேரிங் கதை உட்பட. மறைக்கவில்லை. உன் மேல் கோபப்படுவாளோ என்று பார்த்தேன். “அக்காவுக்கு அவ்வளவு நல்ல தம்பி இருந்தும் ஒரு தடவைகூட நான் பாக்கலையே” என்றாள். நான் சொன்னது ஒன்று, அவள் காதில் விழுந்தது வேறு கதையோ என்னவோ. என்னை ஏறி உட்காரச் சொன்னாள். இன்னொரு நாள் பார்க்கலாம் என்றேன். தெருமுனையில் வளைவில் திரும்பினாள். நன்றாக ஓட்டுகிறாள், அவசரமில்லாமல்.

ஷெட் காலி. கூட்டிவிட்டேன். என்ன வைப்பது என்று தெரியவில்லை. இருக்கட்டும், காலியாகவே இருக்கட்டும்.

இத்தனை மாதம் நமக்கு எழுத ஒரு விஷயம் இருந்தது. இனி பேரிங் இல்லை, சத்தம் இல்லை, கழற்றவும் மாட்டவும் எதுவும் பாக்கி இல்லை. நேற்று பேனாவை எடுத்துவிட்டு, இவனுக்கு என்ன எழுதுவது என்று வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் தோன்றியது, ஒன்றும் இல்லாதபோது எழுதுவதுதானே கடிதம்.

ஆகவே ஒன்றும் இல்லாததை எழுதுகிறேன். இன்று ஒரு அம்மாள் புதுப் பல்செட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்துவிட்டு, “இது யாரோ சிரிக்கற மாதிரி இருக்கே” என்றார். இரண்டு நாளில் உங்கள் சிரிப்பாகிவிடும் என்றேன். மத்தியானம் மழை பெய்தது. சோறு அளவாக வடித்திருந்தேன், மிஞ்சவில்லை.

உன் அறையில் அந்தக் குரல் தெரியாதவன் ஒருவன் இருக்கிறானே, அவனிடம் பேசினாயா? அவனுக்கு எந்த ஊர்? எழுது. எழுத ஒன்றும் இல்லாவிட்டால், ஒன்றும் இல்லை என்று எழுதிப் போடு.

எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் உன்
அத்தான்